எழுந்து வரும் எதிராளி

கணினியில் ஆடும் துவக்குச் சண்டை விளையாட்டொன்றை நான் விரும்பி ஆடுபவன். முகம் அறியாத மனிதர்களோடு இணையத்தின் வழியே மோதி, அவர்களைச் சுட்டு வீழ்த்தி, அவர்களால் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலே இன்பம் காண்பவன். வயது நாற்பதைக் கடந்த, கவிதை வாசிக்கிற, பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும் தூரத்தில் வாழ்கிற ஒருவனுக்கு இது தகுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுள் ஒரு சாரார், நேரத்தை வீணாக்குகிறாய் என்றார்கள். மற்றச் சாரார் கேட்டது கனமான கேள்வி. உண்மையான துவக்குச் சத்தத்தின் நடுவே வளர்ந்த உனக்கு, பொய்த் துவக்கில் எப்படி இன்பம் வருகிறது? முதலாவதற்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவது கேள்வி பல வருடங்களாக என்னோடு இருந்து வருகிறது. அதை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சொல்லும் விளையாட்டின் பெயர் 'ஹேலோ'. அமெரிக்காவின் பங்கீ நிறுவனம் உருவாக்கியது. அதன் வரலாற்றில் ஒரு விநோதம் உண்டு. 1999 ஜூலையில் அப்பிள் நிறுவனத்தின் மேடையொன்றில் ஸ்டீவ் ஜொப்ஸ் அதனை அறிமுகப்படுத்தியபோது அது கணினிக்கான விளையாட்டாகவே இருந்தது. மறு வருடம் மைக்ரோசொப்ட் நிறுவனம் பங்கீயை விலைக்கு வாங்கியது. 2001 நவம்பர் 15ஆம் திகதி, தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் எக்ஸ்பொக்ஸ் என்ற பெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதே நாளில், அந்தப் பெட்டிக்குரிய விளையாட்டாக ஹேலோ வெளிவந்தது. கணினிக்குத் திரும்பி வர அதற்கு இன்னும் இரண்டு வருடங்கள் எடுத்தன. கியர்பொக்ஸ் என்ற நிறுவனம் அதனைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றியமைக்க, 2003 செப்டெம்பர் இறுதியில் அது வெளியானது.

இந்த இடமாற்றத்தை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நான் பார்ப்பதில்லை. என் கேள்வியின் வேர் இதில்தான் இருக்கிறது. பெட்டியில் ஆடியபோது நான்கு பேர் ஒரே தொலைக்காட்சியின் முன்னால், ஒரே சோபாவில் நெருக்கியடித்து அமர்ந்து ஆடினார்கள். திரை நான்காகப் பிரிந்திருக்கும். பக்கத்திலிருப்பவனின் பங்கை ஓரக்கண்ணால் பார்த்து, அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று களவாக அறிந்துகொள்ளலாம். நான்கு பெட்டிகளை வயரினால் இணைத்தால் பதினாறு பேர் ஆடலாம். அப்போதும் எல்லோரும் ஒரு கூரையின் கீழேதான். அந்தப் பெட்டி விளையாட்டுக்குள் இணைய வசதி சேர்க்கப்பட்டிருக்கவில்லை. கணினிப் பதிப்பில் நிலைமை தலைகீழானது. பிரித்த திரை நீக்கப்பட்டது, இணையம் சேர்க்கப்பட்டது. பதினாறு பேர் பதினாறு ஊர்களிலிருந்து வந்து ஒரே களத்தில் நிற்கலாம். உலகம் கிடைத்தது. தோளோடு தோள் உரசிய பக்கத்து ஆள் காணாமற் போனான். அதோடு, சுடப்பட்டவனின் முகமும் காணாமற் போனது.

அறியாதவர்களுக்காகக் களத்தைக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். இலவசமாகக் கிடைத்த மாதிரிப் பதிப்பில் இணையத்தில் ஆட ஒரேயொரு களம்தான் இருந்தது. இரு மலைச் சுவர்களுக்கு இடையே ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. இந்தப் பக்கம் சிவப்பு அணியின் தளம், அந்தப் பக்கம் நீல அணியின் தளம். தளத்துக்கு ஒரு கொடி. எதிரணியின் கொடியை எடுத்துக்கொண்டு வந்து எமது தளத்தில் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கவசம், ஒரே ஆரம்ப ஆயுதம், ஒரே வேகம். முகத்தை மூடிய பொன்னிறக் கண்ணாடி. நிறத்தைத் தவிர ஒருவனுக்கும் மற்றவனுக்கும் வித்தியாசமே இல்லை. கொடியைத் தூக்கியவன் அதைக் கீழே போடாமல் சுட முடியாது. அவனைக் காப்பது கூட வருபவர்களின் பொறுப்பு. வீழ்ந்தவன் சில செக்கன்கள் காத்திருந்து மறுபடி எழுந்து வருவான். தன் அணியானையே ஒருவன் சுட்டுவிட்டால், 'துரோகம்' என்று திரையில் எழுத்து வரும்.

இதில் இன்பம் எங்கே இருக்கிறது? சுடுவதில் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். சிறிது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

எமது நாட்டிலிருந்து அமெரிக்காவிலுள்ள சேர்வர் ஒன்றுக்குச் செய்தி போய்த் திரும்பக் கால் செக்கனுக்கு மேல் எடுக்கும். ஹேலோவின் கணினிப் பதிப்பு இந்தத் தாமதத்தை ஆடுபவருக்குச் சாதகமாகச் சரிக்கட்டித் தருவதில்லை. ஆகவே திரையில் எதிராளி நிற்கும் இடத்தைக் குறிவைத்தால் தோட்டா வெறுங்காற்றிலேதான் போகும். அவன் அடுத்த கணத்தில் எங்கே இருப்பான் என்று ஊகித்து, அவன் இன்னும் வந்து சேராத இடத்தைச் சுட வேண்டும். அவனும் அதை அறிவான். இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்வான். நான் அதையும் எதிர்பார்ப்பேன் என்று அவன் எண்ணினால், உண்மையாகவே இடப்பக்கம் போவான். ஒவ்வொரு சூடும் இன்னொரு மனிதனின் விருப்பத்தைப் பற்றிய ஊகமாகி விடுகிறது. அவன் எந்த நாட்டவன், என்ன மொழி பேசுபவன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அரை நிமிடத்துக்கு அவனது மனத்தை நான் வாசிக்கிறேன், எனது மனத்தை அவன் வாசிக்கிறான். என் இன்பம் இங்கேதான் பிறக்கிறது.

இதே விளையாட்டில் தனியே ஆடும் பகுதியும் உண்டு. அதில் கணினி இயக்கும் எதிரிகள் நூற்றுக்கணக்கில் வந்து விழுவார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் இன்பம் அங்கேதான் பெருக வேண்டும். ஆனால் ஒரு தடவை முடித்த பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. கணினி எதிரி என்னை ஏமாற்ற நினைப்பதில்லை. அவனுக்கு நினைப்பே இல்லை.

இந்த இடத்தில் ஓர் இரவைச் சொல்ல வேண்டும். எமது பகுதியில் இணைப்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்த இரவு அது. பள்ளத்தாக்கின் நடுவே, ஒதுங்க ஒரு பாறைகூட இல்லாத வெட்டையில், எனது திரை உறைந்துபோனது. பிறர் கண்ணுக்கு நான் அசையாமல் நிற்கும் ஒரு பொம்மை. இணைப்பு மீண்டபோது நீல அணியைச் சேர்ந்த ஒருவன் எனக்கு இரண்டு எட்டு தூரத்தில் நின்றான். எப்போதோ சுட்டிருக்கலாம். சுடவில்லை. நான் அசைந்ததைக் கண்டதும், வந்துவிட்டாயா என்று கேட்பதுபோல் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதினான். பிறகு பின்வாங்கிப் போய், ஒரு நியாயமான தூரம் வந்ததும் சண்டையைத் தொடங்கினான். நான் தோற்றேன். அந்த வருடத்தில் நான் ஆடிய ஆட்டங்களுள் அந்தத் தோல்விதான் நினைவில் நிற்கிறது.

அவன் ஏன் காத்திருந்தான்? இரக்கம் என்று சொல்ல முடியாது. சுடுபட்டிருந்தால் எனக்கு எந்த வலியும் இல்லை. ஒரு சில செக்கன் காத்திருப்பு, அவ்வளவே. நான் நினைக்கும் பதில் எளிமையானது. நான் அங்கே இல்லாதபோது அவனுக்கு அதில் ருசி இல்லை. வீழ்த்துவதுதான் இன்பமென்றால், உறைந்து நிற்கும் எதிராளியைப் போன்ற கொடை வேறு கிடையாது. ஆனால் நன்றாக ஆடுபவர்கள் அந்தக் கொடையைத் தொடத் தயங்குகிறார்கள். களவாகக் குறிபார்த்துச் சுட்டுத்தரும் மென்பொருளைப் பொருத்திக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாச் சூடும் படும், எல்லோரும் வீழ்வார்கள். ஆனால் அவர்கள் இன்னொருவரைச் சந்திப்பதே இல்லை. மற்றவர்கள் கோபப்பட்டு ஏசினால்தான் அவர்களுக்கு ஏதோ கிடைத்தது போலிருக்கும். அதுவும் இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் போய்விடுவார்கள்.

இவ்வளவும் சரி, இது மனிதனைக் கெடுக்காதா என்று கேட்கலாம். இதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். 2011இல் கலிபோர்னியா மாநிலத்தின் தடைச் சட்டமொன்றை அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீக்கியபோது, இத்தகைய விளையாட்டுக்கள் சிறுவர்களை வன்முறையாளராக்குகின்றன என்பது நிறுவப்படவில்லை என்றது. 2019இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிரித்தானியப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், கத்தல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் உண்மையான வன்செயலுக்கு இவ்விளையாட்டுக்களைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது.

இந்த முடிவுகளோடு நான் ஆறுதலடைந்து விடுவதில்லை. விளைவு தீயதல்ல என்பதால் ஒரு செயல் நல்லதாகி விடாது. மரண வீட்டின் மூலையில் நின்று தனக்குள் மகிழ்பவன் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனாலும் அவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது. 'வெறும் விளையாட்டுத்தானே' என்ற பதிலும் போதாது. 2009இல் மோர்கன் லக் என்ற மெய்யியலாளர் ஒரு கேள்வி எழுப்பினார். கணினித் திரையில் கொலை செய்வதை ஏற்கும் நாம், அதே திரையில் குழந்தையொன்றைச் சீரழிக்கும் விளையாட்டை ஏன் ஏற்க மறுக்கிறோம்? இரண்டிலும் மெய்யான மனிதர் எவரும் பாதிக்கப்படுவதில்லையே! எமது நெஞ்சு இரண்டாவதை அருவருக்கிறது என்றால், 'வெறும் படம்தானே' என்ற வாதத்தை நாமே நம்பவில்லை என்றுதான் அர்த்தம். ஆக, எதைக் கண்டு மகிழ்கிறாய் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

எமது மரபில் இக்கேள்வி புதியதல்ல. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். சதுரங்கத்தை வேறு அறிஞர் பலர் ஹராம் என்றபோது, அந்த மத்ஹபில் அது மக்ரூஹ் என்ற அளவிலேயே வைக்கப்பட்டது. சூது சேரக்கூடாது, தொழுகை பிந்தக்கூடாது, கெட்ட பேச்சு வரக்கூடாது என்பன நிபந்தனைகள். சதுரங்கமும் ஒரு யுத்தம்தான். அரசன் வீழ்வதோடுதான் அது முடிகிறது. ஆனால் இந்த நிபந்தனைகளில் பலகையில் வீழும் அரசனைப் பற்றி ஒன்றும் இல்லை. பலகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பற்றித்தான் எல்லாம் இருக்கிறது. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டிகளோடு விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை, ஆயிஷா நாயகி அதைப் பார்த்து நின்றார்கள் என்பது எல்லோரும் அறிந்த ஹதீஸ். ஓதி முடித்து வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்தால் அதன் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார்கள்.

தொழுகை பிந்தக்கூடாது என்ற நிபந்தனை இணைய விளையாட்டில் புதிய வடிவம் எடுக்கிறது. தனியே ஆடுபவன் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு எழும்பிப் போகலாம். பதினாறு பேர் ஆடும்போது யாராலும் நிறுத்த முடியாது. கொடியைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்திருக்கும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறது என்று வையுங்கள். போனால் எனக்காகச் சுடுபட்டுக்கொண்டு வரும் தோழர்களைக் கைவிட்டதாகும். இருந்தால் தொழுகை பிந்தும். இதற்கு விடை பாங்கு சொல்லும் நேரத்தில் இல்லை. வக்து நெருங்கும்போது ஆட்டத்தில் சேராமல் இருப்பதில்தான் இருக்கிறது. அற்பமான உதாரணம்போலத் தோன்றினாலும் எனக்கு இது முக்கியமானது. முகம் தெரியாத ஏழு பேருக்கு நான் ஒரு சிறு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதை அது நினைவூட்டுகிறது.

சுடுபடுபவனுக்கு வருவோம். எமது கிராமங்களில் சீனடி, சிலம்படி, பொல்லடி என்று ஆயுதமும் ஆட்டமும் கலந்த கலைகள் இருந்தன; இன்றும் ஆங்காங்கே இருக்கின்றன. கம்பு உயர்கிறது, தலையை நோக்கி வருகிறது, மற்றவன் தடுக்கிறான். அதைக் கொலை முயற்சி என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? இருவரும் விரும்பி வந்திருக்கிறார்கள். இருவர் கையிலும் கம்பு இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள். விருப்பம், சமத்துவம், மீண்டு வருதல் ஆகிய மூன்றும் இருக்கும்வரை ஆயுதத்தின் உருவத்தில் நடப்பது ஆட்டம்தான். இம்மூன்றில் ஒன்றுகூட யுத்தத்தில் கிடையாது. ஹேலோவின் திரையில் 'கொல்லப்பட்டாய்' என்று எழுத்து வருகிறதே தவிர, நடப்பது கிளித்தட்டில் தட்டுப்பட்டவன் வெளியே போய் மறுபடி வருவதற்கு ஒப்பானது.

அப்படியானால் கிளித்தட்டே ஆடலாமே, துவக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. துவக்கின் சத்தமும் பாரமும் அது தரும் அச்சமும் இன்பத்தில் ஒரு பங்கு வகிக்கின்றன என்பதை என்னால் மறுக்க முடியாது. சிறு வயதில் துவக்குச் சத்தம் கேட்டால் உம்மா எங்களைத் தரையோடு படுக்க வைப்பார். அந்தச் சத்தத்துக்கு முன்னால் எமக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முடியும்வரை காத்திருப்பதைத் தவிர. விளையாட்டில் அதே சத்தத்துக்கு முன்னால் எனக்குச் செய்வதற்கு ஏதோ இருக்கிறது; வேண்டாமென்றால் வெளியேற ஒரு கதவும் இருக்கிறது. இது பழைய பயத்துக்கு மருந்து என்றெல்லாம் பெரிய சொற்கள் சொல்ல நான் விரும்பவில்லை. அந்தச் சத்தத்தின் மீது எனக்குள்ள ஈர்ப்பு எதிலிருந்து வருகிறது என்பது இன்னும் கணக்குத் தீராத விடயமாகவே இருக்கிறது.

ஆனால் துவக்கைவிட என்னைக் கவலைப்படுத்துவது முகம் இல்லாமைதான். இமானுவேல் லெவினாஸ் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர், அறம் என்பது மற்றவனின் முகத்தைக் காண்பதில் தொடங்குகிறது என்றார். என்னைக் கொல்லாதே என்று அந்த முகம்தான் எம்மிடம் சொல்கிறது என்பது அவரது கருத்து. சோபாவில் ஆடியவர்களுக்கு அந்த முகம் பக்கத்திலேயே இருந்தது. தோற்றவன் முகம் சுருங்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அளவுக்கு மீறிக் கேலி செய்தால் ஒரு தலையணை பறந்து வரும். இணையத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வீழ்ந்தவனின் உடல்மீது ஏறிக் குந்திக் குந்தி எழும்பி அவமானப்படுத்துவது இந்த விளையாட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, உண்மை யுத்தத்தில்கூட இறந்தவனின் உடலைச் சிதைக்கக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் விதித்த தடைதான். குந்தப்படுவது படம்தான், மெய்யான உடலில்லை. ஆனால் அந்தப் படத்தைத் தூரத்தில் எங்கோ ஒரு மெய்யான மனிதன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சூடு படுவதற்கு அவன் சம்மதித்துத்தான் வந்தான். இழிவுபடுவதற்கு அவன் சம்மதிக்கவில்லை. ஒரு காலத்தில் எனது சொந்தப் பெயரையே களத்திலும் வைத்திருந்தேன். பெயரைக் கண்டதும் 'பயங்கரவாதி' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். தோட்டாக்கள் என்னைத் தொடவில்லை. அந்தச் சொல் தொட்டது. விளையாட்டில் உண்மையாகவே படக்கூடிய ஆயுதம் எது என்று அப்போது விளங்கியது.

முகத்தை விளையாட்டே திட்டமிட்டு மறைத்த உதாரணமும் உண்டு. 2002 ஜூலை 4ஆம் திகதி அமெரிக்க இராணுவம், ஆட்சேர்ப்புக்கு உதவும் பொருட்டு 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. 2022 வரை அது நடந்தது. அதிலே இரு அணிகள் மோதும். ஆனால் எந்த அணியில் ஆடினாலும் நீங்கள் உங்களை அமெரிக்கச் சிப்பாயாகவே காண்பீர்கள், எதிரணியை அந்நிய எதிரியாகவே காண்பீர்கள். எதிரணியானும் தன்னை அமெரிக்கனாகவும் உங்களை அந்நியனாகவும் காண்பான். எதிரியாக இருப்பதற்கு அங்கே எவருக்கும் இடமில்லை. சிவப்புக்காரனும் நீலக்காரனும் ஒருவரையொருவர் தம்மைப் போலவே காணும் ஹேலோவின் பள்ளத்தாக்கு, இதனோடு ஒப்பிட்டால் அறத்தில் எவ்வளவோ மேலானது என்று எண்ணுகிறேன். அடுத்த ஆட்டத்தில் நானே நீலமாக இருப்பேன் என்பதை அது மறைப்பதில்லை.

2019 மார்ச் 15ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளி தலையில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி, தான் செய்ததை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பினான். முதல் 24 மணித்தியாலத்தில் அந்த ஒளிப்பதிவின் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக பேஸ்புக் அறிவித்தது. அதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்ன சொல் ஒன்றுதான்: 'கேம் மாதிரியே இருந்தது.' முன்னால் நீளும் துவக்கு, அதன் பின்னால் காணாத ஒருவனின் கண். நான் தினமும் பார்க்கும் அதே கோணம். அதன்பின் சில வாரங்கள் என்னால் அந்த விளையாட்டைத் தொட முடியவில்லை.

அந்த வாரங்களில் நான் எண்ணியது இதுதான். கோணம் ஒன்றாக இருந்தாலும் அங்கே நடந்தது என் விளையாட்டுக்கு நேர் எதிரானது. கொல்லப்பட்டவர்கள் சம்மதித்து வரவில்லை. அவர்கள் கையில் ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் எழுந்து வரப்போவதுமில்லை. நீல அணிக்காரன் எனக்காகக் காத்திருந்தானே, அவன் சுட விரும்பாத அந்த உறைந்த மனிதனைத்தான் இவன் தேடிப் போனான். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் பின்னாலிருந்து சுட்ட ஆயுததாரிகளும் அப்படித்தான்; நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, எமது பெயர்களைத் தாங்கிய சிலர் இந்நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் செய்ததும் அதுவேதான். எதிர்த்து நிற்காத, ஒன்றும் அறியாத மனிதர்களையே இவர்கள் எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள். 1990இல் கொன்றவர்கள் கணினி விளையாட்டு ஆடிப் பழகியவர்களுமல்லர். முகத்தை மறக்க மனிதனுக்குத் திரை தேவைப்படுவதில்லை. கொள்கை, கோபம், இனம், சில வேளை மார்க்கத்தின் பெயர்கூடப் போதும்.

ஆகவே விளையாட்டு யுத்தமாகி விடும் என்ற அச்சம் எனக்குக் குறைவு. யுத்தத்தை விளையாட்டாகப் பார்க்கப் பழகிவிடுவோம் என்ற அச்சம்தான் அதிகம். கொலையின் ஒளிப்பதிவை 'கேம் மாதிரி' என்று சொல்லிக் கைபேசியில் அடுத்தவருக்கு அனுப்பியவர்களுள் துவக்கு விளையாட்டு எதையும் ஆடாத மூத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை. ஆனால் சுடப்பட்டவனை ஒரு கணம் படமாக மட்டும் கண்டார்கள். விளையாட்டில் நான் செய்ய முயல்வது இதற்கு மறுதலையானது: படத்தின் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று எண்ணிக்கொள்வது.

இன்பத்தின் இருப்பிடம் மனிதன்தான் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. களங்களைப் பட்டியலிட்டு ஆடுபவர்களை ஒன்றுசேர்த்துக் கொடுத்த கேம்ஸ்பை சேவை 2014 மே மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. பதினொரு வருடப் பழைய விளையாட்டு. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆர்வலர் சிலர் சம்பளமின்றி வேலை செய்து, பங்கீயின் சம்மதத்தோடு, அதே மாதத்தில் ஒரு திருத்தத்தை வெளியிட்டு விளையாட்டைக் காப்பாற்றினார்கள். 2020 மார்ச்சில் அதே ஹேலோ புதுப்பொலிவோடு மறுபடி கணினிக்கு வந்தது. அதன் பின்னரும் பழைய பதிப்பில், கோணல் மாணலான அந்தப் பழைய பாறைகளுக்கிடையே, ஆட ஆட்கள் வந்தார்கள். அழகான படங்களும் பெரிய துவக்குகளும் வேறு விளையாட்டுக்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவர்கள் காப்பாற்றியது ஒருவரையொருவர் சந்திக்கும் ஓர் இடத்தை.

எனது மருமகன் ஒருவன் இப்போது இந்த வயதுக்கு வந்திருக்கிறான். ஆடாதே என்று நான் அவனிடம் சொல்வதில்லை. எத்தனை பேரை வீழ்த்தினாய் என்றும் கேட்பதில்லை. இன்று நன்றாக ஆடிய எதிராளி யார் என்று கேட்பேன். சில நாட்களில் அவனிடம் பதில் இருக்கும். ஒரு பெயரைச் சொல்லி, அவன் எப்படி ஏமாற்றினான் என்று கையை ஆட்டி விவரிப்பான். சில நாட்களில் பதில் இருக்காது. அந்த நாட்களில் அவனுக்கும் ஆட்டம் அவ்வளவு ருசிக்கவில்லை என்று கண்டிருக்கிறேன்.

எனக்கென்று நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதையொட்டியதுதான். இணைப்பு அறுந்து வெட்டையில் உறைந்து நிற்கும் ஒருவனைக் காணும்போது என் விரல் தயங்குகிறதா என்று பார்க்கிறேன். இதுவரை தயங்குகிறது. தயங்காமல் அழுத்தி, அதில் மகிழ்ச்சியும் அடையும் ஒரு நாள் வருமானால், அன்றோடு நான் எழும்பிவிட வேண்டும்.